கந்தோருக்குள் ஒரு கவுண்டர்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே 'தபால் கந்தோர்' என்று எழுதியிருந்தேன். அலுவலகம் என்ற நல்ல தமிழ் இருக்க இந்தப் பழஞ்சொல் எதற்கு என்று சிலர் கடிந்துகொண்டார்கள். எத்தனை காலத்துக்குப் பிறகு இதை அச்சில் பார்க்கிறோம் என்று சிலர் மகிழ்ந்தார்கள். மற்றவர்கள் கேள்வியாகவே கேட்டுவிட்டார்கள். ஆகையால் இம்முறை அந்த ஒரு சொல்லையும் ஐரோப்பாவில் அதற்குள்ள உறவினரையும் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் இளைப்பாறிய எழுதுவினைஞர். வேலை செய்த காலம் முழுவதும் "கந்தோருக்குப் போய்விட்டு வாறன்" என்று சொல்லியே வீட்டை விட்டு இறங்கியவன். சென்ற வருடம் நோர்வேயில் இருக்கும் மகளிடம் போயிருந்தபோது, ஒஸ்லோவில் ஒரு கட்டடத்தின் கதவில் எழுத்துக்கூட்டி வாசித்தால் 'கொந்தோர்' என்று வரும் ஒரு சொல்லைக் கண்டேன். அதற்கு அலுவலகம் என்றுதான் பொருள் என்றாள் மகள். நம்முடைய சொல் அங்கே எப்படிப் போனது? (உவர்மலையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஐயா, நம்முடைய சொல் நோர்வேக்குப் போகவில்லை, அவர்களுடைய சொல்லும் நேரே இங்கு வரவில்லை. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பிரெஞ்சு மொழியில் 'கோந்த்துவார்' என்று ஒலிக்கும் சொல்லே அந்தத் தாய். எண்ணுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த அது, முதலில் காசை எண்ணிக் கணக்குப் பார்க்கும் மேசையைக் குறித்தது. நெதர்லாந்து வணிகர் அதை வாங்கித் தங்கள் நாவுக்கு ஏற்பக் 'கந்தோர்' ஆக்கினார்கள். அங்கிருந்தும் வட ஜேர்மனியின் துறைமுகங்களிலிருந்தும் சரக்கோடு சரக்காக வடக்கே ஏறிய சொல், டென்மார்க், நோர்வே, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளிலும் ஒரே எழுத்துக்கூட்டலோடு நிலைத்து, அலுவலகத்துக்குரிய அன்றாடச் சொல்லாக இன்றும் வழங்குகிறது. பின்லாந்தில் அது 'கொந்த்தோரி'. பல்கேரியாவில் வழக்கறிஞரின் அலுவலகத்துக்குக் 'கன்தோரா' என்று பெயர். ரஷ்யாவிலும் 'கன்தோரா' உண்டு. ஆனால் அங்கே அதன் மதிப்புக் குறைந்துபோய், "இதுவும் ஒரு கந்தோரோ" என்று நாம் சலித்துக்கொள்ளும்போது வரும் தொனி அதில் ஏறிவிட்டது.

நம்மிடம் அது வந்தது ஒல்லாந்தக் கம்பனியின் கப்பலில். யாழ்ப்பாணக் கோட்டை 1658இல் ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது. திருகோணமலைக் கோட்டை 1795இல் அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. இடைப்பட்ட காலத்தில் காணி பதியவும் வரி கட்டவும் முறைப்பாடு சொல்லவும் நம்மவர் ஏறி இறங்கிய படிகள் எல்லாம் கந்தோர்ப் படிகள். அதே கம்பனி காலூன்றிய மற்ற இடங்களிலும் சொல் தங்கியிருக்கிறது. சிங்களத்தில் அது 'கந்தோருவ'. தபால் நிலையத்துக்கு ஒல்லாந்த மொழியில் 'பொஸ்ட்கந்தோர்', தென்னாபிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'பொஸ்கந்தோர்', இந்தோனேசியாவில் 'கந்தோர் பொஸ்', நம்மிடம் தபால் கந்தோர். நொத்தாரிசு என்பதும் அவர்கள் தந்த சொல்லே என்பதால், நம் பாட்டனார் 'நொத்தாரிசு கந்தோர்' என்று சொன்னபோது பக்கத்தில் ஓர் ஆம்ஸ்டர்டாம்காரர் நின்றிருந்தால் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்க மாட்டார்.

ஒரு சொல் எந்தக் கப்பலில் வந்தது என்பதைச் சில வேளைகளில் அதிலுள்ள 'த'வும் 'ட'வும் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலேயர் நாவை மேலே அண்ணத்தில் தொட்டுச் சொன்ன ஒலி நம் காதில் 'ட' என்று விழுந்தது: டிக்கெட், டொக்டர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதே எழுத்தைப் பல்லோரமாக மெல்லச் சொன்னதால் அது 'த' என்று விழுந்தது: சப்பாத்து, நொத்தாரிசு, கந்தோர். நாம் சொல்லும் போத்தலும், ஆங்கிலத்திலிருந்து நேரே எடுத்துத் தமிழ்நாட்டார் சொல்லும் பாட்டிலும் இதற்கு நல்ல சாட்சிகள்.

இந்தச் சாட்சியத்தை வைத்துக்கொண்டு தபால் கந்தோருக்குள் போய்ப் பாருங்கள். சென்ற வாரம் ஒரு பதிவுத் தபால் அனுப்ப வரிசையில் நின்றேன். கண்ணாடிக்கு மேலே 'கருமபீடம் 3' என்று அழகாக எழுதியிருந்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மாவோ, தடுமாறிய ஒரு பெரியவரிடம், "ஐயா, நீங்கள் மூன்றாம் கவுண்டருக்குப் போங்கோ" என்று வழிகாட்டினார். அந்தக் கவுண்டரும் இந்தக் கந்தோரும் ஒரே சொல். பிரெஞ்சுச் சொல் நெதர்லாந்தைச் சுற்றி வந்தபோது கந்தோர். நோர்மன் பிரபுக்களின் பிரெஞ்சோடு இங்கிலாந்துக்குள் புகுந்து, அங்கே உருமாறி, ஆங்கிலேயரோடு நம்மிடம் வந்தபோது கவுண்டர். முன்னது கட்டடத்துக்கும் பின்னது கட்டடத்துக்குள் இருக்கும் மேசைக்கும் பெயராகிவிட்டதால், அண்ணன் தம்பி இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் அறியாமல் வேலை பார்க்கிறார்கள்.

கேள்வி: கந்தோர் தூய தமிழ்ச் சொல்லே என்று என் நண்பர் வாதிடுகிறார். 'கந்து' என்றால் தூண். தூணில் சாய்ந்து கணக்கெழுதிய இடம் கந்தோர். கந்துவட்டியும் இதனோடு சேர்ந்தது என்கிறார். ஏற்கலாமா? (மூதூரிலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்: கற்பனையைப் பாராட்டலாம், வாதத்தை ஏற்க முடியாது. கந்து பழந்தமிழ்ச் சொல்தான். தூணையும் யானை கட்டும் தறியையும் அது குறிக்கும். ஆனால் 'ஓர்' எங்கிருந்து வந்து அதன் பின்னால் ஒட்டிக்கொண்டது, தூணிலிருந்து அலுவலகத்துக்குப் பொருள் எந்தப் படியால் ஏறியது என்று கேட்டால் நண்பரிடம் பதில் இராது. ஓசை ஒத்திருப்பது ஒரு சாட்சியம் மட்டுமே. பொருளும் வரலாறும் கூட வந்து கையொப்பம் இட வேண்டும். ஒல்லாந்தச் சொல்லில் ஓசையும் ஒன்று, பொருளும் ஒன்று, அதைப் பேசியவர்கள் நம் கோட்டைகளில் இருந்து ஆண்டதும் வரலாறு. மேலும், தமிழரின் பொதுச்சொத்தாக இருந்திருந்தால் தமிழ்நாட்டு வழக்கிலும் அது இருந்திருக்க வேண்டும். இன்று அங்கே கந்தோர் என்றால் யாருக்கும் விளங்காது. சிங்களத்திலும் இந்தோனேசியாவிலும் அதே பொருளில் இருப்பதை எந்தத் தூணில் கட்டுவது என்றும் நண்பரிடம் கேளுங்கள்.

கேள்வி: கணக்கியல் படிக்கிறேன். மேசையின் பெயர் ஒரு கட்டடத்துக்கு எப்படி ஆகும்? காசை எண்ணுவதற்கென்று தனியாக ஒரு மேசை ஏன் வேண்டியிருந்தது? (கிண்ணியாவிலிருந்து ஒரு மாணவர்)

பதில்: உங்கள் பாடத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். இலத்தீனில் 'புத்தாரே' என்றொரு வினை உண்டு. சுத்தம் செய்தல், கொடியில் வேண்டாத கிளைகளைக் கழித்து விடுதல் என்பது அதன் பழைய பொருள். திராட்சைக் கொடியைக் கழித்துச் சீராக்குவதுபோல வரவு செலவைக் கழித்துச் சீராக்குவதற்கும் அந்தச் சொல்லையே ரோமர் பயன்படுத்தினார்கள். பிறகு மனத்துக்குள் கழித்துக் கூட்டிப் பார்ப்பதற்கும், அதாவது நினைப்பதற்கும், அதுவே சொல்லாயிற்று. 'சேர' என்ற பொருள் தரும் முன்னொட்டு அதற்கு முன்னால் வந்தபோது 'கொம்புத்தாரே', கூட்டிக் கணக்கிடுதல். கவுண்டர், எக்கவுண்ட், டிஸ்கவுண்ட், கொம்பியூட்டர் எல்லாம் அதன் வழி வந்தவை. கொடி வெட்டிய கத்தியின் நினைவும் மறையவில்லை: ஆஸ்பத்திரியில் கையையோ காலையோ அகற்றுவதை 'அம்பியுட்டேஷன்' என்கிறோமே, அது 'சுற்றிலும் வெட்டுதல்' என்ற பொருளில் அதே புத்தாரேயிலிருந்து பிறந்தது. உங்கள் எக்கவுண்டும் சத்திரசிகிச்சை நிபுணரின் கத்தியும் இப்படி உறவாகின்றன.

இனி மேசை. இடைக்கால ஐரோப்பாவில் தொகைகளை ரோம எண்களில் எழுதினார்கள். அந்த எண்களில் ஒரு தொகையைப் பதிந்து வைக்கலாம்; கூட்டவும் கழிக்கவும் முயன்றால் தலை சுற்றும். நம் பழைய ஏட்டுக் கணக்கில் ௰, ௱, ௲ என்று பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் இருந்தவற்றை நினைத்துக்கொண்டால் சிக்கல் விளங்கும். ஆகவே எழுதுவதற்குத் தாள் என்றும் கணக்கிடுவதற்கு மேசை என்றும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

அந்த மேசையில் படுக்கையாகக் கோடுகள் இருக்கும். கீழ்க்கோடு ஒன்றுக்கு, அடுத்தது பத்துக்கு, அடுத்தது நூறுக்கு, அதற்கு மேல் ஆயிரத்துக்கு. கோடுகளுக்கு இடையிலுள்ள வெளிகள் முறையே 5, 50, 500. இப்போது 1386ஐ வைத்துப் பாருங்கள். ஆயிரக் கோட்டில் காசுபோன்ற ஒரு வட்ட வில்லை; நூற்றுக் கோட்டில் மூன்று; அதற்குக் கீழுள்ள வெளியில் ஒன்று, அது 50; பத்துக் கோட்டில் மூன்று; அதற்குக் கீழ் வெளியில் ஒன்று, அது 5; கடைசிக் கோட்டில் ஒன்று. ஆகப் பத்து வில்லைகள். இன்னொரு தொகையைக் கூட்ட வேண்டுமானால் அதன் வில்லைகளையும் அதே மேசையில் பரப்பிவிட்டு, ஒரு கோட்டில் ஐந்து சேர்ந்தால் அவற்றை எடுத்துவிட்டு மேல்வெளியில் ஒன்றை வைக்க வேண்டும். ஒரு வெளியில் இரண்டு சேர்ந்தால் அவற்றை எடுத்துவிட்டு மேல்கோட்டில் ஒன்றை வைக்க வேண்டும். எழுத்தறியாதவரும் கண்ணால் பார்த்துச் சரிபிழை சொல்லக்கூடிய கணக்கு அது. கோவிலில் உண்டியல் திறக்கும் நாளில், விரித்த துணியின்மேல் சில்லறையைப் பத்துப் பத்தாக அடுக்கி, பத்து அடுக்குச் சேர்ந்ததும் ஒரு பக்கம் தள்ளி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கைவேலைதான்.

வில்லைக்குப் பிரெஞ்சில் 'ஜெத்தோன்' என்று பெயர். எறிதல் என்னும் வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் வில்லைக்கும் மேசைக்கும் கவுண்டர் என்ற ஒரே பெயர். 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் ஜேர்மனியின் நியூரெம்பேர்க் நகரம் இந்த வில்லைகளைச் செய்து ஐரோப்பா முழுவதற்கும் விற்றது. கோட்டுக் கணக்கை மக்கள் மொழியில் எழுதிக் கற்பித்தவர்களுள் பெயர்போனவர் அடம் ரீஸ். அவருடைய முதல் கணக்குப் புத்தகம் 1518இல் வந்தது. கூட்டிச் சரி பார்த்துவிட்டு, "அடம் ரீஸின்படி இவ்வளவு" என்று சொல்லும் வழக்கம் ஜேர்மன்காரரிடம் இன்றும் உண்டு. இங்கிலாந்தில் 12ஆம் நூற்றாண்டில் அரசனின் வருமானக் கணக்கைப் பார்த்த மேசை ஏறக்குறைய 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உடையது. அதன்மேல் விரித்த கட்டம் போட்ட துணி சதுரங்கப் பலகையை ஒத்திருந்ததால் அந்தத் திணைக்களத்துக்கே சதுரங்கப் பலகை என்ற பொருளில் 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்து, பிரிட்டனின் நிதியமைச்சருடைய பதவிப்பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு பெரிய மேசை ஓர் அறையை அடைத்துக்கொள்ளும். அறைக்கு மேசையின் பெயர் வரும். அறையைச் சுற்றிக் கணக்கர்கள் பெருகினால் கட்டடத்துக்கும் அதே பெயர். கடல் கடந்து வணிகம் செய்தவர்களிடம் பெயர் இன்னொரு படியும் ஏறியது. வட ஜேர்மனிய வணிக நகரங்களின் கூட்டமைப்பாகிய ஹன்சா, லண்டன், புரூஜ், நோர்வேயின் பேர்கன், ரஷ்யாவின் நொவ்கொரொட் ஆகிய நான்கு நகரங்களில் நடத்திய வணிக நிலையங்களைக் கொந்தோர் என்றே வரலாற்றாசிரியர் அழைக்கிறார்கள். பேர்கனில் துறையோரமாக நிற்கும் அந்த மரக் கட்டடங்களை யுனெஸ்கோ 1979இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பிரெஞ்சுக்காரரும் தங்கள் கடல்கடந்த வணிக நிலையங்களைக் கோந்த்துவார் என்றார்கள். புதுச்சேரி, காரைக்கால், ஏனாம், மாஹே, சந்திரநாகூர் என்ற ஐந்து கோந்த்துவார்களின் பெயர்களையும் அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்தார்கள். 1782இன் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பறித்திருந்த திருகோணமலைக் கோட்டையை, அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரென் அவர்களிடமிருந்து பிடித்தார். செப்டெம்பர் 3இல் நம் கடற்பரப்பில் இரு கடற்படைகளும் மோதின. பிறகு ஏற்பட்ட சமாதானத்தில் கோட்டை ஒல்லாந்தரிடமே திரும்பியது. திரும்பாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் ஆறாவதாக நம் ஊரின் பெயரையும் சேர்த்து உச்சரிக்கச் சிரமப்பட்டிருப்பார்கள்.

மேசையின் பழைய வேலையை இன்றும் விடாமல் வைத்திருப்பது போலந்து. அங்கே 'கந்தோர்' என்ற பலகையைத் தெருவில் கண்டால் உள்ளே வெளிநாட்டுக் காசு மாற்றுகிறார்கள் என்று பொருள். ஆனால் அதே எழுத்துக்கூட்டலில் தேவாலயப் பாடகரைக் குறிக்கும் வேறொரு சொல்லும் போலந்து மொழியில் உண்டு. அது பாடுதல் என்னும் இலத்தீன் வினையின் பிள்ளை, நம் சொல்லுக்கு உறவில்லை. நாம் சிரிக்க வேண்டியதில்லை. நமக்குக் கச்சேரி என்றால் அரசாங்க அதிபரின் அலுவலகம். சென்னையிலிருந்து வந்த விருந்தாளியிடம் "காலையில் கச்சேரிக்குப் போகவேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள், யார் பாடுகிறார் என்று கேட்பார்.

கேள்வி: நான் விடுதி ஒன்றில் வேலை செய்கிறேன். ஸ்பெயின்காரர்கள் சாப்பிட்டு முடித்ததும் 'குவெந்தா' கேட்பார்கள். பில் என்று பொருள். அவர்களிடமே கற்றுக்கொண்டேன், 'குவெந்தோ' என்றால் கதையாம். பில்லுக்கும் கதைக்கும் என்ன தொடர்பு? (நிலாவெளியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: சில விடுதிகளின் பில்லைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. பகிடி இருக்கட்டும், தம்பி. நீங்கள் பிடித்தது நல்ல நூல்முனை. இலத்தீனின் கொம்புத்தாரே ஸ்பானிய மொழியிலும் போர்த்துக்கேய மொழியிலும் 'கொந்தார்' ஆயிற்று. அந்த ஒரே வினைக்கு எண்ணுதல், கதை சொல்லுதல் என்று இரண்டு பொருள். நடந்தவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை தவறாமல் அடுக்கிச் சொல்வதே கதை என்று அவர்கள் கண்டார்கள். இத்தாலிய மொழியில் எண்ணுவது 'கொந்தாரே', கதை சொல்வது 'ரக்கொந்தாரே', பில் 'கொந்தோ'. பிரெஞ்சுக்காரருக்கும் முன்பு ஒரே சொல்லாகத்தான் இருந்தது. பின்னர் படித்தவர்கள் இலத்தீனை நினைவூட்டுவதற்காகக் கணக்கைக் குறிக்கும் சொல்லுக்குள் ஒலிக்காத 'ப்' எழுத்தொன்றைச் செருகிவிட்டார்கள். கணக்கும் கதையும் எழுத்தில் பிரிந்தன; வாயில் இரண்டும் இன்னும் 'கோந்த்'தான்.

வியப்பு என்னவென்றால், இலத்தீனோடு இந்தச் சொல்லில் உறவில்லாத வட ஐரோப்பிய மொழிகளும் தாமாகவே இதே முடிச்சைப் போட்டிருக்கின்றன. ஒல்லாந்த மொழியில் 'தெல்லன்' எண்ணுதல், 'வெர்தெல்லன்' கதை சொல்லுதல். ஜேர்மனில் 'ட்ஸேலன்', 'எர்ட்ஸேலன்'. ஆங்கிலத்தில் சொல்லுதலைக் குறிக்கும் 'டெல்' என்ற வினைக்கும் எண்ணுதல் என்ற பொருள் முன்பு இருந்தது. இல்லாவிட்டால் வங்கியில் காசு எண்ணித் தருபவருக்கு 'டெல்லர்' என்று பெயர் வந்திராது. கொந்தார் குடும்பத்திலேயே இன்னும் ஒரு பிள்ளை உண்டு: போர்த்துக்கேய மொழியில் 'கொந்தா' என்றாலும் ஸ்பானியத்தில் 'குவெந்தா' என்றாலும் பில் மட்டுமல்ல, செபமாலையின் மணியும் பொருளாகும். ஒவ்வொரு மணியாக உருட்டிச் செபங்களை எண்ணுவதால் வந்த பெயர். ஆகையால் உங்கள் விருந்தாளி எப்போதாவது மணிமாலைக் கடைக்குப் போய்க் 'குவெந்தா' கேட்டால் பில் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

தமிழில் எண்ணுதல் கதையின் பக்கம் சாயவில்லை. நினைப்பின் பக்கம் சாய்ந்தது. காசையும் எண்ணுகிறோம், ஒரு காரியத்தையும் எண்ணுகிறோம். எண் வேறு எண்ணம் வேறு என்று பிரிக்க முடியாது. 'எண்ணித் துணிக கருமம்' என்ற குறளடியை இலத்தீனில் எழுதப் புகுபவர் எண்ணுதலுக்குப் புத்தாரேயைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் இதே இரண்டு பொருளும் உண்டு. கவுண்டருக்குக் கருமபீடம் என்று பெயரிட்ட நம் அதிகாரி இந்தக் குறளை நினைத்தாரோ தெரியாது, நினைத்தார் என்று எண்ணிக்கொள்ள எனக்கு ஆசை. கதையை நாம் எண்ணுவதில்லை, அளக்கிறோம். "அவன் நல்லாய்க் கதை அளப்பான்" என்ற பேச்சில் இருப்பது கொத்தும் மரக்காலும்.

கேள்வி: கணனி சரியா, கணினி சரியா? கொம்பியூட்டர் என்ற சொல்தான் ஐரோப்பா முழுவதும் வழங்குகிறதா? (தம்பலகாமத்திலிருந்து ஒரு மாணவி)

பதில்: கொம்பியூட்டர் என்பது முதலில் மனிதருக்குரிய பெயர். ஆங்கிலத்தில் கணக்கிடுபவர் என்ற பொருளில் 1613இலேயே அச்சில் காணப்படுகிறது. இயந்திரம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது இருபதாம் நூற்றாண்டில். ஜேர்மனியரும் இத்தாலியரும் போலந்துக்காரரும் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர் மறுத்துவிட்டார்கள். 1955இல் ஐபிஎம் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை, தன் புதிய இயந்திரத்துக்கு ஒரு பெயர் சொல்லும்படி இலத்தீன் அறிஞர் ஜாக் பெரேயிடம் கேட்டது. ஒழுங்குபடுத்துபவர் என்னும் பொருளில் 'ஒர்தினத்தேர்' என்று அவர் எழுதிக் கொடுத்தார். உலகை ஒழுங்கில் வைக்கும் இறைவனைக் குறித்து அகராதியில் இருந்த பழைய சொல் அது. ஸ்பெயின் அதைப் பின்பற்றி 'ஒர்தெனதோர்' என்கிறது. அதே மொழியைப் பேசும் தென்னமெரிக்கா 'கொம்புத்ததோரா' என்கிறது. பின்லாந்தில் அதன் பெயருக்கு 'அறிவுப் பொறி' என்று பொருள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஐஸ்லாந்தின் 'தொல்வா'. எண் என்னும் பொருளுடைய சொல்லையும், வருவதுரைக்கும் பெண்ணைக் குறிக்கும் 'வொல்வா' என்ற பழஞ்சொல்லையும் இணைத்துச் சிகுர்துர் நோர்தால் என்ற அறிஞர் ஆக்கியது. எண்களால் குறி சொல்லும் பெண் என்று விரிக்கலாம். பழந்தமிழில் கணித்து வருவதுரைப்பவனைக் கணியன் என்றோம். கணி என்ற அந்த வேரிலிருந்து கருவிப்பெயர் ஆக்கினால் கணினி வரும். ஆகவே என் வாக்கு அதற்கே. நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் பாதி கணனி என்றுதான் இருக்கின்றன. அதனால் கடைக்காரரோடு சண்டை வேண்டாம். பரீட்சையில் மட்டும் உங்கள் ஆசிரியர் எதை எழுதுகிறார் என்று பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: பள்ளிக்கூட வாங்கும் காசு போடும் வங்கியும் ஒரே சொல்லா? (சாம்பல்தீவிலிருந்து ஒரு வாசகி)

பதில்: ஆம். வாங்கு போர்த்துக்கேயரின் 'பங்கோ'. அவர்களுக்கு அந்த ஒரு சொல்லே இருக்கும் வாங்கையும் காசு வைக்கும் இடத்தையும் குறிக்கும். மூலம் ஜேர்மானிய மொழிகளில் இருந்த பலகைச் சொல். இத்தாலிய நகரங்களில் காசு மாற்றுவோர் சந்தையில் போட்டுக்கொண்ட பலகைக்கு அது பெயராகி, அவர்கள் தொழிலுக்கும் பெயராயிற்று. ஜேர்மன்காரருக்கு ஒருமையில் இரண்டும் 'பங்க்'. பன்மையில்தான் வாங்குகள் 'பெங்கெ' என்றும் வங்கிகள் 'பங்கன்' என்றும் பிரிகின்றன. முறிந்த பலகை என்ற பொருளில் இத்தாலியர் சொன்ன 'பங்கறொத்தா'விலிருந்து வந்ததே ஆங்கிலத்தில் வங்குரோத்தைக் குறிக்கும் சொல். நம் வங்குரோத்தும் அதே கிளைதான். கடன் கொடுக்க முடியாதவனின் பலகையைச் சந்தையில் உடைத்துப் போட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. தொழில் முறிந்ததைப் பலகை முறிந்ததென்று உருவகமாகச் சொல்ல எந்த மொழிக்கும் தெரியும்.

தளபாடத்தின் பெயர் அலுவலகத்துக்கு ஆவது இந்த இரண்டோடு நின்றுவிடவில்லை. ஜேர்மன்காரர் இப்போது கொந்தோரைப் பெரும்பாலும் கைவிட்டு 'பூரோ' என்கிறார்கள். அது பிரெஞ்சுக்காரரின் 'பூரோ'. 'பூர்' என்ற முரட்டுக் கம்பளித் துணி மேசைக்கு விரிப்பானது. விரிப்பின் பெயர் மேசைக்கும், மேசையின் பெயர் அறைக்கும், அறையின் பெயர் அதிகாரத்துக்கும் ஏறியது. ஆக, கோப்பு நகராமல் நம்மை அலைக்கழிக்கும் 'பியூரோக்கிரசி'யின் அடியில் கிடப்பது ஒரு துண்டுக் கம்பளி.

கேள்வி: இந்தியச் செய்திகளில் வரும் 'என்கவுன்டர்', திரைப்படங்களில் வரும் 'கவுன்ட்' பிரபு இவர்களும் இந்தக் குடும்பமா? (உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இரண்டும் இல்லை. என்கவுன்டர், எதிர் என்னும் பொருளுடைய 'கொந்த்ரா'விலிருந்து வந்தது, எதிர்ப்படுதல். கவுன்ட் பிரபு, அரசனோடு கூடச் செல்பவன் என்ற பொருளுடைய 'கொமெஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தவர். எண்ணும் மேசைக்கும் அவருக்கும் உள்ள தொடர்பெல்லாம், அதில் உட்கார்ந்து அவருடைய வரியை யாரோ ஒரு கணக்கர் எண்ணிக்கொண்டிருந்திருப்பார் என்பது மட்டுமே.